முதலில் வட்டியைப் படியுங்கள்: முதல் சம்பளம் வாங்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், திருப்பூர், கோவை, சென்னை ஓ.எம்.ஆர். என்று எங்கெங்கோ வேலைக்குச் சேர்ந்து இந்த ஆண்டுதான் முதல் சம்பளத்தைக் கையில் பார்த்திருக்கிறீர்கள். சம்பளக் கணக்கு தொடங்கிச் சில வாரங்களுக்குள் உங்கள் செல்போனுக்கு ஒரு செய்தி வந்திருக்கும்: இத்தனை லட்சம் ரூபாய் கடன் உங்களுக்கு முன்கூட்டியே ஒப்புதல் ஆகிவிட்டது, ஒரு பட்டனைத் தட்டினால் போதும், பணம் கணக்கில் ஏறிவிடும். கல்விக் கடனுக்காக அப்பாவோ அம்மாவோ பலமுறை வங்கிக்கு நடந்த வீடாகக்கூட உங்களுடையது இருக்கலாம். இப்போது கடன் தானாக வீடு தேடி வருகிறது. அதை வாங்காதீர்கள் என்று மிரட்டுவதற்காக இந்த மடலை எழுதவில்லை. கடனே வாங்காமல் வீடு கட்டியவர்களும் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களும் நம்மிடையே மிகக் குறைவு. நான் சொல்ல வருவது ஒன்றுதான். கடன் என்றதும் எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்கிறோம், பிறகு மாதம் எவ்வளவு கட்டவேண்டும் என்று பார்க்கிறோம்; ஆண்டுக்கு வட்டி எத்தனை சதவீதம் என்பதைக் கடைசியாகத்தான் பார்க்கிறோம், பலர் பார்ப்பதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். சொந்தக் கணக்கில் இது பழகிவிட்டால் அரசின் நிதிநிலை அறிக்கையையும் அதே கண்ணால் படிக்கமுடியும். வீட்டுக் கணக்கும் அரசாங்கக் கணக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பாடங்கள் என்று நினைத்திருக்கிறோம். அப்படி இல்லை என்பதுதான் என் வாதம்.

தெருவிலிருந்தே தொடங்குவோம். நம் ஊரில் வட்டியைச் சொல்லும் முறை நேர்மையானது என்றே சொல்வேன். "ரெண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். "மூணு வட்டி" என்றால் 36. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் எண் தெரியும். சிக்கல் தொடங்குவது எண்ணைச் சொல்லாமல் தவணையை மட்டும் சொல்லும் இடத்தில். சந்தைக் கடைக்காரர்கள் வாங்கும் தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுவது 10,000 ரூபாய், கையில் தருவது 9,000, தினம் 100 ரூபாயாக நூறு நாள் கட்டவேண்டும். ஆயிரம் ரூபாய்தானே பிடித்தார், பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருகிறது. சராசரியாக அந்த 9,000இல் பாதிதான் உங்கள் கையில் நூறு நாளும் இருக்கிறது. முறையாகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 77 சதவீதத்துக்கு மேல் வருகிறது. கையில் 8,500தான் தந்தார் என்றால் ஆண்டு வட்டி சுமார் 120 சதவீதம். தமிழ்நாட்டில் அநியாய வட்டியைத் தடைசெய்யும் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. இருந்தும் தண்டல் நடக்கிறது. அவசரத்துக்குக் கேள்வி கேட்காமல் பணம் தருவதற்குச் சந்தையில் வேறு ஆள் இல்லை என்பது ஒரு காரணம். கட்டுபவர் கண்ணில் படுவது "தினம் நூறு" மட்டும் என்பது மற்றொரு காரணம்.

படித்தவர்கள், மாதச் சம்பளக்காரர்கள் இதில் ஏமாறமாட்டோம் என்று நினைக்கவேண்டாம். இதே கணக்கு குளிரூட்டப்பட்ட ஷோரூமிலும் நடக்கிறது. பைக் வாங்கப் போகிறீர்கள். ஒரு லட்சம் கடன், மூன்று ஆண்டு, "பன்னிரண்டு பர்சன்ட்தான் சார், ஃபிளாட் ரேட்" என்கிறார் விற்பனையாளர். ஆண்டுக்கு 12,000 வீதம் மூன்றாண்டுக்கு 36,000 வட்டி. மொத்தம் 1,36,000 ரூபாயை 36ஆல் வகுத்தால் மாதம் 3,778. ஒவ்வொரு தவணையிலும் நீங்கள் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள், ஆனால் வட்டி கடைசி மாதம்வரை முழு ஒரு லட்சத்துக்கும் போடப்படுகிறது. மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி என்ற முறையில் பார்த்தால் இது 21 சதவீதத்துக்கு மேல். அடுத்தது வட்டியில்லாத் தவணை, அதாவது நோ காஸ்ட் இ.எம்.ஐ. 30,000 ரூபாய் செல்போன், ஆறு மாதம், மாதம் 5,000. வட்டியே இல்லை. அதே போனை மொத்தப் பணம் கொடுத்து வாங்கினால் 28,000க்குத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீங்கள் 28,000 கடன் வாங்கி ஆறு மாதத்தில் 30,000 கட்டுகிறீர்கள். கணக்குப் போட்டால் சரியாக மாதம் 2 சதவீதம். ஊரில் ரெண்டு வட்டி என்று சொல்லியே கொடுப்பார்கள், இங்கே தள்ளுபடிக்குள் ஒளித்துக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. விளம்பரப் பலகைகளுக்கு அந்தச் சுற்றறிக்கை இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

கிரெடிட் கார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் வயதில் முதலில் கைக்கு வருவது அதுதான். மாதம் தவறாமல் முழுத் தொகையையும் கட்டுபவருக்கு அது ஒன்றரை மாதம்வரை வட்டியில்லாமல் கிடைக்கும் பணம். அதைவிட மலிவான கடன் இல்லை. முழுவதும் கட்டாமல் விட்டால் அதைவிடக் கொடிய கடனும் குறைவு. மாத வட்டி பெரும்பாலும் 3 முதல் 3.75 சதவீதம், ஆண்டுக்கு 36 முதல் 45. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. பில்லில் "குறைந்தபட்சம் கட்டவேண்டியது" என்று ஒரு சிறிய தொகை போட்டிருப்பார்கள். பாக்கி 50,000, மாத வட்டி 3.5 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நீங்கள் கட்டுவது 2,500. அதில் வட்டி 1,750, வட்டிக்கு ஜி.எஸ்.டி. 315, ஆகமொத்தம் 2,065. அசலில் கழிவது 435 ரூபாய். இது போதாதென்று, பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் கார்டு வட்டிக்கு 30 சதவீதம் என்று வரம்பு வைத்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஆகவே மேல்வரம்பு உங்களைக் காப்பாற்றும் என்று காத்திருக்கமுடியாது, நீங்கள்தான் பில்லைப் படிக்கவேண்டும்.

படிப்பதற்கு இப்போது வழி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொடுக்கும் தவணைக் கடன்களுக்கு ஒரு முக்கிய விவரக் குறிப்பை முன்கூட்டியே தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கிக்காரர்கள் கே.எஃப்.எஸ். என்பார்கள். அதில் செயலாக்கக் கட்டணம், இன்சூரன்ஸ் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டு வட்டியை ஒரே எண்ணாகப் போட்டிருக்கவேண்டும், ஏ.பி.ஆர். என்று எழுதியிருக்கும். கேளுங்கள், தரமாட்டேன் என்று சொல்லமுடியாது. அந்த எண்ணும் உங்கள் கையில் வரும் சம்பளத்தில் எத்தனை பங்கு தவணைகளுக்குப் போகிறது என்ற எண்ணும் தெரிந்தால் உங்கள் கடன் நிலைமையில் பெரும்பகுதி தெரிந்துவிட்டது. கையில் 30,000 வாங்குபவர் போனுக்கு 3,500, பைக்குக்கு 3,800, தனிநபர் கடனுக்கு 5,000, கார்டுக்கு 2,500 கட்டினால் 14,800, அதாவது சம்பளத்தில் ஏறத்தாழப் பாதி போய்விடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய தொகை இல்லை. இவர் ஒரு மாதம் வேலையிழந்தால் நான்கு இடத்திலிருந்து ஒரே நாளில் போன் வரும். சிபில் ஸ்கோர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 300இலிருந்து 900வரை போகும், தாமதமில்லாமல் கட்டினால் ஏறும், தவறினால் இறங்கும். அதில் மாயம் ஒன்றுமில்லை, அதை "சரிசெய்து தருகிறோம்" என்பவர்களுக்குப் பணம் கொடுக்கவேண்டியதும் இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நண்பருக்காக நீங்கள் போட்ட ஜாமீன் கையெழுத்தும் உங்கள் அறிக்கையில் ஏறும். அவர் கட்டாவிட்டால் கெடுவது உங்கள் ஸ்கோரும்தான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போகமுடியாது. "வட்டியைப் படித்துக் கடன் வாங்கும் வசதி யாருக்கு இருக்கிறது? இரவு பதினொரு மணிக்கு அம்மாவுக்கு நெஞ்சு வலித்தால் எந்த ஏ.பி.ஆரைப் பார்ப்பது?" நியாயமான கேள்வி. கடனில் மூழ்கும் ஏழைக் குடும்பங்களுக்குச் சிக்கனம் பற்றிப் புத்தி சொல்வதைப்போல அருவருப்பான வேலை வேறில்லை. பல வீடுகளில் வட்டிக்கடை ஏறுவதற்குக் காரணம் ஆடம்பரம் இல்லை, ஆஸ்பத்திரி. அந்த வீட்டாருக்கு வட்டி தெரியாமல் இல்லை. அவர்களுக்கு வேறு கதவு திறக்கவில்லை. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது. அவசரத்தில் படிக்கமுடியாது என்பதால்தான் அவசரம் வராதபோது படிக்கவேண்டும். மூன்று மாதச் செலவுக்கு ஈடான தொகையை வங்கியிலோ அஞ்சலகத்திலோ தனியாகப் போட்டுவைப்பதும், வீட்டில் நகை இருந்தால் அடகுக் கடைக்குப் போகுமுன் அரசுடைமை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன் வட்டி என்னவென்று தெரிந்துவைத்திருப்பதும் அந்த இரவில் உதவும். மீதிப் பொறுப்பு உங்களுடையது இல்லை, அரசாங்கத்தினுடையது. அதற்குத்தான் பிறகு வரப்போகிறேன்.

நடுவில் முதலீட்டைப் பற்றி. இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் சொல்லவேண்டியது குறைவு. 42 சதவீத வட்டியில் கார்டு பாக்கி நிற்கும்போது மாதாமாதம் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடுகிறவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார். எந்தப் பங்கும் எந்த ஃபண்டும் ஆண்டுதோறும் 42 சதவீதம் உறுதியாகத் தராது. ஆகவே உங்கள் முதல் முதலீடு அதிக வட்டிக் கடனை அடைப்பது. அதற்குப் பிறகுதான் பி.பி.எஃப்., வைப்புத்தொகை, குறியீட்டு ஃபண்ட் என்ற பேச்செல்லாம். வங்கியில் போடும் பணத்துக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரியிலிருந்து. பங்குச் சந்தைக்கு அப்படி எந்தக் காப்பும் இல்லை. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் 10,000க்குக் கீழே கிடந்தது. பத்து, பதினைந்து ஆண்டு தொடாமல் விடமுடிகிற பணத்துக்கே அது இடம். அங்கேயும் எண்ணைப் படிக்கவேண்டும். மாதம் 5,000 வீதம் முப்பது ஆண்டு போட்டால் 10 சதவீத வளர்ச்சியில் ஒரு கோடியைத் தாண்டும் என்பது விளம்பரம். கணக்கு சரிதான், 1.13 கோடி வரும். ஆண்டுக்கு 5 சதவீதம் விலைவாசி ஏறினால் அந்த 1.13 கோடியின் இன்றைய மதிப்பு 26 லட்சம் என்பதை விளம்பரம் சொல்லாது. 26 லட்சமும் நல்ல தொகைதான், போடுவதில் தவறில்லை. கோடீஸ்வரக் கனவோடு போடாதீர்கள். குறுக்குவழி தேடுபவர்களுக்கு ஒரு தகவல்: ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் 2021-22 முதல் 2023-24 வரை ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மூன்றாண்டில் இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். மாதம் பத்து வட்டி தருகிறோம் என்று நகைக்கடை மாடியில் கூட்டம் போடுபவர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் இனி யாருக்கும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. அவர்களுக்காகவே 1997இல் ஒரு தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது.

இனி அரசாங்கக் கணக்கு. 2021 ஆகஸ்டில் அப்போதைய மாநில நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை குறித்து வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் எல்லோரும் பிடித்துக்கொண்ட எண் ஒன்று உண்டு: தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன். எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லாக் கட்சிகளுக்கும் பிடித்த வகைக் கணக்கு இது, ஆட்சிக்கு வந்ததும் மறந்துபோகிற கணக்கும் இதுதான். மொத்தக் கடனைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் பயம் வரும், அறிவு வராது. ஐம்பது லட்சம் வீட்டுக்கடன் வைத்திருப்பவரைவிட ஐம்பதாயிரம் கார்டு பாக்கி வைத்திருப்பவர் மோசமான நிலையில் இருக்கலாம் அல்லவா? ஜப்பான் அரசின் கடன் அந்த நாட்டின் ஆண்டு உற்பத்தியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அது திவாலாகவில்லை, ஏனென்றால் பெரும்பகுதி சொந்த மக்களிடமும் சொந்த மைய வங்கியிடமும் சொந்த நாணயத்தில் மிகக் குறைந்த வட்டிக்கு வாங்கியது. இலங்கையின் கடன் விகிதம் அதைவிட வெகு குறைவு. ஆனால் 2020இலும் 2021இலும் இலங்கை அரசின் வருவாயில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் வட்டிக்கே போனது. அதிலும் கடனில் கணிசமான பங்கு வெளிநாட்டு நாணயத்தில் இருந்தது. 2019 கடைசியில் வரிகளை வெட்டியதில் வருவாயும் சுருங்கியது. 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தார்கள். அதற்குப் பின் வவுனியாவிலும் வெள்ளவத்தையிலும் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு மொத்தக் கடன் எத்தனை டாலர் என்பது தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை. வட்டிக்கும் வருவாய்க்கும் உள்ள விகிதத்தை யாராவது அவர்களுக்கு முன்பே சொல்லியிருந்தால் பயன்பட்டிருக்கும்.

அதே இரண்டு எண்களைத் தமிழ்நாட்டுக்குப் பார்ப்போம். 2025-26 நிதிநிலை அறிக்கையின் மதிப்பீட்டில் மாநிலத்தின் வருவாய் வரவு சுமார் 3.31 லட்சம் கோடி ரூபாய். வட்டிச் செலவு சுமார் 70,750 கோடி. நூறு ரூபாய் வருவாயில் 21 ரூபாய் வட்டி. ஒன்றிய அரசும் அதே ஆண்டு செலவழிக்கும் ஒரு ரூபாயில் 20 காசை வட்டிக்கு வைத்திருக்கிறது, பாதுகாப்புத் துறைக்கு 8 காசு. அந்த ஒரு ரூபாயில் 24 காசு கடனாக வந்ததுதான். அடுத்து, வாங்கும் கடன் எதற்குப் போகிறது என்ற கேள்வி. சாலை, பாலம், மின்நிலையம், மருத்துவமனைக் கட்டடம் என்று பல ஆண்டு நிற்கும் பொருளுக்குப் போனால் அது மூலதனச் செலவு. சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி போன்ற அன்றாடச் செலவுக்கு வருவாய் போதாமல் கடன் வாங்கினால் அது வருவாய்ப் பற்றாக்குறை. தமிழ்நாட்டில் 2013-14 முதல் தொடர்ந்து வருவாய்ப் பற்றாக்குறைதான். கொரோனா ஆண்டான 2020-21இல் அது 61,000 கோடிக்கு மேல் இருந்தது. 2025-26 மதிப்பீட்டில் 41,635 கோடியாகக் குறைந்திருக்கிறது. அந்த ஆண்டின் மொத்த நிதிப்பற்றாக்குறை, அதாவது அரசு புதிதாக வாங்கவேண்டிய கடன், சுமார் 1.07 லட்சம் கோடி. கணக்குப் போடுங்கள்: புதிதாக வாங்கும் நூறு ரூபாய்க் கடனில் 39 ரூபாய் அன்றாடச் செலவுக்குப் போகிறது. ஒன்றிய அரசுக்கு அதே விகிதம் சுமார் 33. மொத்தக் கடன் மாநில உற்பத்தியில் 26 சதவீதம், நிதிக்குழு வகுத்த வரம்புக்குள் இருக்கிறது என்று அரசு சொல்வது உண்மை. இந்த 39ஐப் பற்றி அது அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை.

"அரசாங்கம் ஒரு குடும்பம் இல்லை" என்று பொருளாதாரம் படித்தவர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. குடும்பத் தலைவர் ஒருநாள் ஓய்வுபெறுவார், அரசு ஓய்வுபெறுவதில்லை. அது வரி போடமுடியும், பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கிக்கொண்டே போகலாம். எல்லாக் குடும்பங்களும் ஒரே சமயத்தில் செலவைக் குறைக்கும்போது அரசும் குறைத்தால் கடைகளும் ஆலைகளும் மூடும்; 2020இல் அரசுகள் கடன் வாங்கிச் செலவழித்தது சரி. ஆனால் இந்த வாதத்தை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. மாநில அரசால் ரூபாய் அச்சடிக்கமுடியாது. ஒன்றிய அரசுக்குப் பாக்கி வைத்திருக்கும் மாநிலத்தால் அதன் சம்மதம் இல்லாமல் கடன் எழுப்பக்கூட முடியாது என்கிறது அரசமைப்பின் 293ஆம் பிரிவு. ஒன்றிய அரசாலும் டாலர் அச்சடிக்கமுடியாது. 1991இல் அந்நியச் செலாவணி சில வாரங்களுக்கே போதும் என்ற நிலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்துக்கு அனுப்பி அடகு வைத்தது. நாடு நகையை அடகு வைத்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். அலங்காரப் பேச்சாக இல்லாமல் உண்மையாகவே நடந்ததைத்தான் பேசினார்கள். குடும்பத்துக்கும் அரசுக்கும் வித்தியாசம் இருக்கிறது. வட்டி வருவாயைத் தின்னத் தொடங்கினால் இருவருக்கும் கை கட்டப்படுகிறது என்பதில் வித்தியாசம் இல்லை.

இரண்டாவது மறுப்பு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கக்கூடாது என்றால், மகளிர் உரிமைத் தொகையையும் பள்ளிக் காலை உணவையும் வீண் செலவு என்கிறீர்களா? இல்லை. கணக்குப் புத்தகம் போடும் பிரிவினை முரடானது. காலை உணவு வருவாய்ச் செலவில் எழுதப்படுகிறது, ஆனால் வயிறு நிறைந்து பாடம் கேட்கும் பிள்ளை இருபது ஆண்டு கழித்து வரி கட்டும். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் போட்ட மேம்பாலம் மூலதனச் செலவில் எழுதப்படுகிறது, அதிலிருந்து ஒரு காசு திரும்பாது. மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்குப் போகும்போது அதில் எத்தனை ரூபாய் தண்டல்காரரிடம் போகாமல் தப்பிக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்காமல் அதை இலவசம் என்று ஏளனம் செய்வது சோம்பேறித்தனம். இங்கேதான் வீட்டுக் கணக்கும் அரசுக் கணக்கும் ஒன்றையொன்று தொடுகின்றன. தமிழ்நாடு அரசு ரிசர்வ் வங்கி நடத்தும் ஏலத்தில் கடன்பத்திரம் விற்று ஏறத்தாழ ஏழு சதவீதத்துக்குப் பணம் திரட்டுகிறது. அந்தப் பணத்தில் மாவட்ட மருத்துவமனையில் ஒரு இருதயப் பிரிவு சரியாக நடந்தால், அந்த மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் 36 சதவீதத்துக்கு வட்டிக்கடையில் நிற்கவேண்டியதில்லை. ஏழு சதவீதக் கடன் 36 சதவீதக் கடனைத் தடுக்கிறது என்றால் அரசு கடன் வாங்குவது லாபம்தான், சந்தேகமே வேண்டாம்.

ஆனால் அதே காரணத்தால்தான் நான் வட்டிச் செலவைக் கண்டு கவலைப்படுகிறேன். இருபத்தொரு ரூபாய் இருபத்தாறு ஆனால் அந்த ஐந்து ரூபாய் எங்கிருந்து வரும்? சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் எந்த அரசாலும் சுலபமாகக் குறைக்கமுடியாது. வெட்டுவதற்கு எளிதானவை மருத்துவமனைக்கு மருந்து வாங்கும் பணம், நிரப்பாமல் விடும் செவிலியர் பணியிடம், தள்ளிப்போடும் பள்ளிக் கட்டடம். யாரும் அதை அறிவித்துச் செய்வதில்லை. மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவார், அங்கிருந்து அடகுக் கடைக்கோ செல்போன் செயலிக் கடனுக்கோ போவார். கோட்டையில் கட்டிய வட்டி தெருவில் பல மடங்காக மறுபடி கட்டப்படும். நலத்திட்டங்களை நிறுத்தச் சொல்லும் வாதம் இல்லை இது. நிரந்தரமாக ஓடவேண்டிய திட்டத்துக்கு நிரந்தரமான வருவாயைக் காட்டு என்று கேட்கும் வாதம். பணம் படைத்தவர்களிடம் சொத்து வரியையும் பத்திரப்பதிவுக் கட்டணத்தையும் ஒழுங்காக வசூலித்துக் காலை உணவு போடுகிறேன் என்று ஒரு கட்சி சொன்னால் அது பொறுப்பான வாக்குறுதி. வரியும் ஏற்றமாட்டேன், கட்டணமும் ஏற்றமாட்டேன், எல்லோருக்கும் எல்லாம் தருவேன் என்று சொன்னால் அந்தச் செலவு குறைந்தபட்சத் தொகை கட்டிய கார்டு பில்லைப்போல அடுத்த மாதத்துக்குத் தள்ளப்படுகிறது. அந்த அடுத்த மாதம் வரும்போது வரி கட்டுகிற வயதில் இருக்கப்போவது நீங்கள்.

பட்ஜெட்டுக்கு வெளியே ஒளிந்திருப்பதையும் கேட்டுப் பழகுங்கள். மின்வாரியமும் போக்குவரத்துக் கழகங்களும் வாங்கும் கடன் அரசின் கணக்கில் நேரடியாக வராது. பல கடன்களுக்கு அரசு ஜாமீன் நிற்கிறது. அவர்கள் கட்டமுடியாமல் போனால் நண்பருக்குக் கையெழுத்துப் போட்டவரின் கதைதான். 2021 வெள்ளை அறிக்கையின் உருப்படியான பகுதி குடும்பத்துக்கு இவ்வளவு என்ற அந்த எண் இல்லை. இந்த நிறுவனங்களின் நஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எடுத்துப்போட்டதுதான். பத்திரிகைகள் அதற்கு இடம் கொடுத்தது குறைவு.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். சிபில் உள்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். இந்த வாரமே ஒன்றை எடுத்து, உங்கள் பெயரில் எத்தனை கடன் ஓடுகிறது, ஒவ்வொன்றின் ஆண்டு வட்டி என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள், அதிக வட்டியை மேலே போட்டு அதையே முதலில் அடையுங்கள். அடுத்த முறை மாநில நிதிநிலை அறிக்கை தாக்கலாகும் நாளில் எது விலை ஏறியது, எது குறைந்தது என்ற செய்தியோடு நிறுத்தாதீர்கள். நிதித்துறை இணையதளத்தில் அமைச்சரின் உரை தமிழிலேயே கிடைக்கும். கடைசிப் பக்கங்களுக்குப் போய் வருவாய் வரவு, வட்டி, வருவாய்ப் பற்றாக்குறை ஆகிய மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருபவரிடம் அந்த மூன்றையும் சொல்லி, அடுத்த ஐந்தாண்டில் இவை எவ்வளவாக இருக்கும் என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே வரி கட்டும் ஒருவன்